வீட்டுக் கர்னலும் படிப்பகக் கம்ப்யூட்டரும்

எங்கள் தெருக்கோடியில் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். போன வாரம் காலை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், வீட்டிலேயே கர்னல் தயார் பண்றீங்களாமே? எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு கர்னல் உருவாக இருபது வருஷம் ஆகும்!" என்றார். என் வீட்டம்மா அவர் மனைவியிடம், "ராத்திரி பூரா உட்கார்ந்து கர்னல் பண்றார், அந்த லேப்டாப் ஃபேன் சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டதன் விளைவு இது.

இது அந்தக் கர்னல் இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, அர்த்தம் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. நான் சொல்வது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்ற பொருளில் வரும் கர்னல். தமிழ்க் கணினி அன்பர்கள் இதைக் 'கருனி' என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் எங்கள் தெருவில் சொன்னால் கர்னலாவது ஒருவருக்குத் தெரியும், கருனி யாருக்கும் தெரியாது. ஆகவே கர்னல் என்றே எழுதுகிறேன்.

இதைப் பற்றி எழுதக் காரணம் என் தம்பி மகன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். எட்டு வருஷப் பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறான். "பெரியப்பா, இது ரொம்ப ஸ்லோவா இருக்கு. நீங்க பண்ற மாதிரி சோர்ஸ்லேர்ந்து கர்னலை நானே கம்பைல் பண்ணிக்கிட்டா வேகமா ஓடுமாமே, எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்க" என்று கேட்டான். போனில் சொல்ல முடிகிற பதில் இல்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்துக்காக என்றால் அந்த வேலை வேண்டாம். அடுத்தவர் உபயோகிக்கும் கம்ப்யூட்டரில் வேண்டவே வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

கர்னல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பழைய தொழிலை வைத்துத்தான் சொல்ல வரும். தொலைபேசித் துறையில் 34 வருஷம் இருந்தவன் நான். சந்தாதாரர் கையில் இருப்பது ரிசீவர் மட்டும்தான். டயல் செய்தால் எதிர்முனை கிடைக்கிறது. நடுவில் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று இருப்பதே, அது கெட்டுப்போகும் நாளில்தான் அவருக்கு ஞாபகம் வரும். கம்ப்யூட்டரில் பிரவுசர், கடிதம் எழுதும் புரோகிராம், பாட்டு கேட்கும் புரோகிராம் எல்லாம் சந்தாதாரர்கள். டிஸ்க் வேண்டும், திரை வேண்டும், நெட் வேண்டும் என்று எது கேட்டாலும் இணைத்துவிடுவது கர்னல். யாருக்கு முதலில், எவ்வளவு நேரம் என்று முறை வைப்பதும் அதுதான்.

லினக்ஸ் கர்னலை 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்தார். முதல் பதிப்பு சுமார் 10,000 வரிதான். இன்று 3 கோடி வரிக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது இந்தப் பிரிண்டர், அந்த நெட்வொர்க் கார்டு என்று ஒவ்வொரு சாமானோடும் பேசத் தெரிந்த பகுதிகள். சோர்ஸ் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. டெபியன், உபுண்டு போன்றவர்கள் இதை எல்லா மாதிரிக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்படி கம்பைல் செய்து தருகிறார்கள். ரெடிமேட் சட்டை மாதிரி. அளவெடுத்துத் தைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் சோர்ஸை எடுத்து, வேண்டியதை வைத்து வேண்டாததை நீக்கி, தாங்களே கம்பைல் செய்துகொள்ளலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் அதில் உண்டு.

அளவெடுத்துத் தைப்பதில் எனக்கு ஒரு பிரியம் எப்போதும் உண்டு. 1984-ல் ஆரம்பித்த சி-டாட், 128 லைன் கிராமத்து எக்ஸ்சேஞ்சை ஏ.சி. இல்லாமலே ஓடும்படி செய்தது. அதற்கு முன் எங்களுக்கு வந்த எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் ஏ.சி. அறையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் என்று ஒன்று வந்தபோது எங்களுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

1998-ல் ஓர் ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு லினக்ஸ் சி.டி. இலவசமாக வந்தது. என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 486. 8 எம்.பி. ராம். ஆம், எம்.பி.தான். இன்று ஒரு கல்யாண போட்டோவே அதைவிடப் பெரிது. அந்த சி.டி.யோடு வந்த கர்னலில் எனக்கில்லாத எத்தனையோ சாமான்களுக்கு வசதி இருந்தது. நான் சோர்ஸைப் பிரித்து 'மேக் கான்ஃபிக்' என்று அடித்தேன். அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். ஸ்கசி டிஸ்க் இருக்கிறதா? இல்லை. சவுண்ட் கார்டு? இல்லை. டேப் டிரைவ்? இல்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பவரிடம் பதில் சொல்வதுபோல் ஒரு மணி நேரம் போயிற்று. சாயங்காலம் கம்பைலைப் போட்டேன், முடியும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. அதன் பிறகு 'லைலோ' என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், புது கர்னல் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல. தூக்கக் கலக்கத்தில் அதை மறந்தேன். காலையில் மெஷின் எழவில்லை. நல்லவேளை, ஃப்ளாப்பி ஒன்று தனியாகப் போட்டு வைத்திருந்தேன்.

அது எழுந்தபிறகு உண்மையாகவே வேகம் தெரிந்தது. காரணம் சுலபம். மொத்தமே 8 எம்.பி. அதில் கர்னல் சில நூறு கே.பி.யை விட்டுக்கொடுத்தால்கூட மற்ற புரோகிராம்களுக்குப் பெரிய நிலம் கிடைத்த மாதிரி. அன்றைக்கு எனக்குள் ஒரு நம்பிக்கை விழுந்தது, சொந்தக் கர்னல் என்றால் வேகம் என்று. நிலைமை மாறி வெகுகாலம் ஆன பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை.

நிலைமை எப்படி மாறியது என்றால், இன்று ரெடிமேட் கர்னலில் டிரைவர்கள் பெரும்பாலும் தனித்தனித் துண்டுகளாக, மாட்யூல்களாக இருக்கின்றன. பிரிண்டரைச் செருகினால் அதற்குரிய துண்டு மட்டும் மேலே ஏறும். மற்றவை டிஸ்க்கில் தூங்கும். பரணில் கிடக்கும் பாத்திரத்தால் சமையல் தாமதமாகாது. ஆகவே ஆயிரம் டிரைவரை நீக்கினாலும் ஓட்டத்தில் வேகம் கூடாது. கம்பைல் செய்யும் நேரம் குறையும், டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மிஞ்சும், அவ்வளவுதான்.

"என் ப்ராசஸருக்கென்றே கம்பைல் செய்தால்?" என்று தம்பி மகன் கேட்டான். நானும் பல வருஷம் இதைப் பெரிதாக நினைத்தேன். கம்பைலருக்கு 'மார்ச் நேட்டிவ்' என்று ஒரு குறிப்பு கொடுத்தால் அந்த மெஷினின் ப்ராசஸருக்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்திக்கொள்ளும். வீடியோ மாற்றுவது, கணக்குப் போடுவது போன்ற புரோகிராம்களுக்கு அதனால் நல்ல பலன் உண்டு. கர்னலோ தசம எண் கணக்கு எதுவும் அநேகமாகப் போடுவதில்லை. அந்த விசேஷக் கட்டளைகளைக் கம்பைலர் தானாகத் தொடாதபடி விலக்கி வைத்தே அதைக் கம்பைல் செய்கிறார்கள். போதாததற்கு, ரெடிமேட் கர்னலும் எழும்போது இது என்ன ப்ராசஸர் என்று பார்த்துத் தன் உடம்பிலேயே சில இடங்களைத் திருத்திக்கொள்கிறது. தையல்காரர் செய்ய வேண்டிய வேலையை இப்போது சட்டையே செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியிருப்பது முறை வைக்கும் விஷயம். இதில் ஒரு சுவையான கதை உண்டு. கதாநாயகர் கம்ப்யூட்டர்காரரே இல்லை. ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து டாக்டர், பெயர் கான் கொலிவாஸ். புரோகிராம் எழுதுவதைத் தானாகக் கற்றுக்கொண்டவர். அவருடைய குறை நியாயமானது. கர்னல் எழுதுகிறவர்கள் பெரிய பெரிய சர்வர்களை மனதில் வைத்தே எழுதுகிறார்கள், வீட்டில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டு கேட்கிறவனை யாரும் நினைப்பதில்லை, மௌஸ் திக்குகிறது, பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்றார். டாக்டர் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். ஒரே டாக்டர். ஒருவர் முழு உடம்புப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார், இன்னொருவர் மருந்துச் சீட்டில் ஒரு கையெழுத்துக்கு வந்திருக்கிறார். கையெழுத்துக்காரரை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் கிளினிக் ஓடுவதுபோல்தான் இருக்கும், ஆனால் அவர் வயிறு எரியும். கொலிவாஸ் தன் திருத்தங்களைத் தொகுப்பாக வெளியிட்டுவந்தார். வேகப் பிரியர்கள் சோர்ஸோடு அதைச் சேர்த்துக் கம்பைல் செய்துகொண்டார்கள். நானும் செய்திருக்கிறேன்.

2007-ல் அவர் எல்லாப் புரோகிராமுக்கும் நியாயமாகப் பங்கு தரும் முறை ஒன்றை எழுதினார். ஆனால் கர்னலுக்குள் ஏறியது, அவருடைய யோசனைக்கு நன்றி சொல்லிவிட்டு இங்கோ மோல்னார் புதிதாக எழுதிய வேறொன்று. 2.6.23 பதிப்பில் வந்தது. கொலிவாஸ் கசந்து விலகினார். 2009-ல் வேறொரு முறையோடு திரும்பி வந்து, பிரதான கர்னலுக்கு வெளியிலேயே 2021 வரை அதையும் அதற்கு அடுத்ததையும் பராமரித்தார். டாக்டர் தொழிலையும் பார்த்துக்கொண்டு! மோல்னாரின் முறை சுமார் 16 வருஷம் ஓடி, 2023 அக்டோபரில் 6.6 பதிப்பில் இன்னொன்றுக்கு இடம் விட்டது. அந்த டாக்டருக்கு நடந்தது சரியா தவறா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு அவர் பக்கம்தான் மனது சாய்கிறது. ஆனால் அவர் கேட்ட நியாயத்தில் பெரும் பங்கு இன்று ரெடிமேட் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டு விட்டுவிட்டு வருவதை நான் கேட்டுப் பல வருஷம் ஆகிறது.

விநாடிக்கு எத்தனை தடவை கர்னல் கடிகாரம் பார்க்க வேண்டும் என்று ஒரு தேர்வு உண்டு, 100, 250, 300, 1000 என்று. அவசர வேலை வந்தால் கையில் உள்ளதை உடனே கீழே வைக்கலாமா என்று இன்னொரு தேர்வு. முன்பு இதற்கெல்லாம் கம்பைல் செய்தே ஆக வேண்டும். இரண்டாவதை 2021-லிருந்து, புதிய கர்னல்களில், கம்ப்யூட்டர் எழும்போது ஒரு வார்த்தை சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் ஃபேனை ஓட்டிச் செய்ததை ஒரு வார்த்தையில் முடிக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். அதனால்தான் வெட்கம்.

எங்கள் நகர் நல மன்றத்தில் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த நாலு கம்ப்யூட்டர்கள். கோர் டூ டியோ, 2 ஜி.பி. ராம், பழைய சுழலும் டிஸ்க். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள், ஹால் டிக்கெட் எடுக்கிற பிள்ளைகள், சாயங்காலத்தில் ஈ-பேப்பர் பார்க்கிற என் வயதுக்காரர்கள் எல்லாரும் உபயோகிப்பார்கள். டெபியன் போட்டுக் கொடுத்ததே நான்தான். "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வரலாம் சார்" என்று ஒரு பையன் கேலி செய்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தக் கர்னல் போட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒரு சுருக்கு வழி உண்டு. இந்த நிமிஷம் எந்தெந்த மாட்யூல் ஏறியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நீக்கிவிடும். முழு கர்னலைக் கம்பைல் செய்ய என் லேப்டாப்பில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், இந்த வழியில் 40 நிமிஷம். படிப்பகத்து மெஷினில் அந்தப் பட்டியலை எடுத்து, வீட்டில் கம்பைல் செய்து, நாலிலும் போட்டேன். பதிப்பு எண்ணுக்குப் பின்னால் நாம் விரும்பிய பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் 'தஞ்சை' என்று சேர்த்தேன். எழும்போது ஒரு விநாடி திரையில் அந்தப் பெயர் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்தேன் என்றால் சிரிக்காதீர்கள். கையோடு, பழைய டெபியன் கர்னலை இடத்தை அடைக்கிறது என்று நாலிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

வேகமாகத்தான் இருந்தது. எல்லாரும் சொன்னார்கள். நானும் சால்வை போட்ட மாதிரி ஏற்றுக்கொண்டேன். அதே நாளில் தேவையில்லாமல் தானாக எழும் ஏழெட்டு புரோகிராம்களை நிறுத்தியதும், ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் 'இசட்-ராம்' வசதியை இயக்கியதும் நான்தான். பெருமையை மட்டும் கர்னலுக்குக் கொடுத்தேன்.

அந்த ஆடி மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனோம், இரண்டு மாதம். நாங்கள் இல்லாதபோது பாதாள சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியதில் படிப்பகத்துக்கு வரும் ஃபைபர் கேபிள் அறுந்துவிட்டது. அடுத்த தெருப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்தவள், பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய வந்திருக்கிறாள். கடைசி நாள். மாலை 5 மணி வரை நேரம். நோட்டில் வரிசை போட்டு அறுபது கல்லூரி எழுதி வைத்திருந்தாள். நெட் இல்லை என்றதும் அப்பாவின் போனைக் கேபிளில் செருகி, போன் வழியாக நெட் எடுக்கப் பார்த்திருக்கிறாள். புத்திசாலிப் பெண். போனில் எல்லாம் சரியாகக் காட்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. அடுத்த கம்ப்யூட்டர், அதற்கடுத்தது, நாலாவது. எதிலும் வரவில்லை.

வராது. போனை யூ.எஸ்.பி. வழியாக நெட்வொர்க் கார்டு மாதிரி பார்க்கிற டிரைவர் என்று ஒரு சின்ன மாட்யூல் இருக்கிறது. நான் பட்டியல் எடுத்த அன்று யாரும் போனைச் செருகியிருக்கவில்லை. ஏறியிராத மாட்யூலை லோக்கல்மாட்கான்ஃபிக் வைத்துக்கொள்ளாது. டெபியன் கர்னல் இருந்திருந்தால் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து எழுப்பியிருக்கலாம். அதையும் எடுத்துவிட்டவன் நானே.

அந்தச் சின்ன போன் திரையில் அறுபது கல்லூரியை வரிசைப்படுத்துவது கஷ்டம். கடைசியில் அப்பா வேலையிலிருந்து வந்து, பைக்கில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கேயும் கூட்டம். இடம் கிடைத்து உட்கார்ந்தபோது நேரம் கொஞ்சம்தான் இருந்தது. அறுபதில் இருபத்திரண்டுதான் ஏற்ற முடிந்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண் தெருவில் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கு நம்ம படிப்பகத்துல நெட்டே வரலை தாத்தா. போனை மாட்டியும் வரலை." குறையாகக்கூடச் சொல்லவில்லை, சேதியாகச் சொன்னாள். நான் "அப்படியா" என்றேன். வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு இடம் கிடைத்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். விட்டுப்போன முப்பத்தெட்டில் இதைவிட நல்லது ஒன்று கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் புது சாஃப்ட்வேர் ஏற்றுவது ராத்திரியில்தான், போக்குவரத்து குறைந்த பிறகு. பழைய டேப் பக்கத்து மேஜையில் இருக்கும். புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை அலமாரிக்குக்கூட அனுப்ப மாட்டோம். என்ன செய்தோம் என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் டியூட்டி முடிந்து போகக்கூடாது. 34 வருஷம் நான் கடைப்பிடித்தது, சின்னவர்களைத் திட்டித் திட்டிப் பழக்கியது. சம்பளம் வாங்கியபோது இருந்த ஒழுங்கு, இலவசமாகச் செய்தபோது போய்விட்டது. இலவச சேவைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பொறுமையாக அளந்து பார்த்தேன். 'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் எழுவதற்கு ஆன நேரத்தைப் பங்கு பிரித்துச் சொல்லும். பழைய ஏற்பாட்டில் ஒரு மெஷின் எழ 98 விநாடி. அதில் கர்னலின் பங்கு 7 விநாடி. என் தஞ்சைக் கர்னலில் அது 4 விநாடி. 98-ல் மூன்று விநாடி மிச்சம்! இதற்கு அம்டால் விதி என்றே பெயர் உண்டு, ஜீன் அம்டால் 1967-ல் சொன்னது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் ஏழு எட்டு மணி நேரம். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவை எவ்வளவு வேகமாக விரட்டினாலும் சென்னைக்குப் போய்ச் சேரும் நேரம் பெரிதாக மாறாது. நான் ஆட்டோவைத்தான் விரட்டிக்கொண்டிருந்தேன். மன்றத்தில் பேசி, ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,500 ரூபாயில் எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கிப் போட்டோம். டெபியனின் ரெடிமேட் கர்னலோடு இப்போது 24 விநாடியில் எழுகிறது. டீ குடிக்கப் போகிறவர்கள் இப்போது டீக்காகவே போகிறார்கள்.

இன்னொரு ஆசையும் எழும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று ப்ராசஸர்களில் இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. ஒரு புரோகிராம் இன்னொன்றின் ரகசியத்தை எட்டிப் பார்க்க வழி. கர்னலில் அதற்கு அடைப்புப் போட்டார்கள், பழைய ப்ராசஸர்களில் அந்த அடைப்பால் வேகம் கொஞ்சம் குறைகிறது. அதை நீக்கிவிட்டால் வேகம் வரும் என்று சொல்வார்கள், வரும்தான். ஆனால் என் பென்ஷன் கணக்கை அதே லேப்டாப்பில்தான் பார்க்கிறேன். பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றினால் கதவு லேசாகத் திறக்கும் என்பதற்காகக் கழற்ற எனக்குத் தைரியம் இல்லை. அதோடு, சொந்தக் கர்னல் போட்ட நாள் முதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நீங்களே பொறுப்பு. ரெடிமேட் கர்னல் என்றால் டெபியன்காரர்கள் அனுப்புவார்கள், ஒரு கட்டளையில் ஏறிவிடும். சொந்தக் கர்னலுக்கு, அநேகமாக வாரா வாரம் வரும் திருத்தப் பதிப்புகளை நீங்களே பார்த்து, இறக்கி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். நான் பெங்களூரில் பேத்தியோடு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் படிப்பகத்தின் நாலு மெஷினும் திருத்தம் இல்லாமல் கிடந்தன. அதைக்கூட நான் அப்போது நினைக்கவில்லை.

அப்புறம் ஏன் இன்னும் ராத்திரி உட்கார்ந்து கர்னல் பண்ணுகிறீர்கள் என்று வீட்டம்மா கேட்கிறாள். நியாயமான கேள்வி. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதுதான் பதில். ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் விளக்கம் ஒன்று இருக்கும், அதைப் படிப்பதிலேயே பாதி ராத்திரி போய்விடும். ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில் ரிலேயைத் திறந்து துடைத்து, மறுபடி 'டக் டக்' என்று ஓடுவதைக் கேட்கிற சுகம் இதில் எனக்குக் கிடைக்கிறது. வேகத்தின் பெயரைச் சொல்லி அதை நியாயப்படுத்துவதை மட்டும் நிறுத்திவிட்டேன். நிஜமாகவே கம்பைல் செய்ய வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சின்ன ரவுட்டர் பெட்டிக்குள் லினக்ஸை அடைக்கிறவர்கள், ரெடிமேட் கர்னலுக்கு இன்னும் தெரியாத புத்தம் புது சாமான் வைத்திருப்பவர்கள், கர்னலில் பிழை கண்டுபிடித்துத் திருத்துகிறவர்கள். என் தம்பி மகன் அதில் யாரும் இல்லை. அவனிடம் ராம் எவ்வளவு என்று பாரு, எஸ்.எஸ்.டி. போடு, அப்புறம் பேசலாம் என்றேன். கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரட்டும், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். ஒரே நிபந்தனை, பழைய கர்னலில் கை வைக்கக்கூடாது. மெனுவில் இரண்டும் இருக்கட்டும்.

படிப்பகத்தில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்குகிறது. எந்த மெஷினில் யார் என்ன மாற்றினாலும் தேதி போட்டு எழுத வேண்டும். முதல் பக்கத்தில் முதல் வரி என்னுடையது. 'தஞ்சை கர்னல் நீக்கப்பட்டது, டெபியன் கர்னல் மறுபடி போடப்பட்டது' என்று எழுதி, பழைய வழக்கப்படி நேரமும் போட்டுக் கையெழுத்திட்டேன். எழுதிவிட்டு, நாலு மெஷினிலும் ஒவ்வொன்றாக என் போனைச் செருகிப் பார்த்தேன். நாலிலும் நெட் வந்தது. அன்றைக்கு எழுதாமல் விட்ட காரணத்தை அடுத்த வரியில் இந்த வாரம்தான் எழுதினேன். அந்தப் பெண் லீவுக்கு வரும்போது நேரிலும் சொல்ல வேண்டும்.